பதினைந்தாவது ஆள்

கங்காதரன் சாரை ஒழித்துக்கட்ட வேண்டும் என்பதற்காகத்தான் ரோஸி அந்தக் கல்லூரியில் சேர்ந்தாள். யாராவது கேட்டால் பஸ் வசதி என்றாள், ஃபீஸ் குறைவு என்றாள். பங்குச் சாமியார் கேட்டபோது "எனக்குக் கணக்கு புடிக்கும் ஃபாதர்" என்றுகூடச் சொல்லிவைத்தாள். மயிலாப்பூரிலேயே, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், அவளுக்கு பி.காம். சீட் கிடைத்திருந்தது. நொச்சிக்குப்பத்தில் ப்ளஸ் டூ முடித்த எந்தப் பெண்ணும் கைநழுவ விடாத சீட் அது. அதை விட்டுவிட்டு, கோட்டூர்புரத்தில் அடையாற்றை ஒட்டி நிற்கும் பழைய கல்லூரிக்குப் போய், யாரும் முதல் விருப்பமாக எழுதாத புள்ளியியலைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவள் அம்மா லூர்துமேரிக்கு லூப் ரோடு மீன் மார்க்கெட்டில் கடை. மகள் செய்தது அவளுக்கு விளங்கவே இல்லை.

"பி.காமை வுட்டுட்டு இன்னாத்துக்குடி அங்க போற? உங்கண்ணன் அங்க பட்டது பத்தாதா?"

"அதுக்குத்தாம்மா போறேன்" என்றாள் ரோஸி.

அண்ணன் பாரத் அதே கல்லூரியில், அதே பாடத்தில் இரண்டாம் ஆண்டு வரைக்கும் படித்தவன். முதல் ஆண்டில் எல்லாத் தாளிலும் தேறியவன். இரண்டாம் ஆண்டில் அப்பாவுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகிப் படுக்கையில் விழுந்தார். ஃபைபர் படகு கரையில் கிடந்தால் வீட்டில் உலை ஏறாது. பாரத் கடலுக்குப் போனான். விடியலில் கரையேறி, மீனை ஏலத்துக்குக் கொடுத்துவிட்டு, தலையில் இரண்டு குடம் தண்ணீரை ஊற்றிக்கொண்டு கல்லூரிக்கு ஓடுவான். கடல் காலைகளைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். சில நாள் பத்து நிமிடம் தாமதம், சில நாள் முழு வகுப்பும் போயிருக்கும்.

கல்லூரியில் வருகைப்பதிவு நடக்கும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நூற்றுக்கு எழுபத்தைந்து இருந்தால் தேர்வெழுதலாம். அதற்குக் கீழே, அறுபத்தைந்து வரைக்கும் இருப்பவன் மன்னிப்புக் கேட்டு விண்ணப்பிக்கலாம். துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டால் அவன் பிழைத்தான். போடாவிட்டால் அந்தப் பருவம் முழுக்க வீண். ஆகவே அறுபத்தைந்துக்கும் எழுபத்தைந்துக்கும் நடுவில் இருக்கும் பையனின் தலையெழுத்து ஒரே ஒருவரின் பேனாவில் இருக்கிறது. புள்ளியியல் துறையில் அந்தப் பேனா கங்காதரனுடையது.

பாரத் அந்த நடுவில்தான் இருந்தான். விண்ணப்பத்தோடு போய் நின்றான். வகுப்பு முழுக்க உட்கார்ந்திருக்கும்போது, கங்காதரன் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு சொன்னார்: "கடலுக்குப் போறவனுக்கு எதுக்குப்பா புள்ளியியல்? வலையில எத்தனை மீன் விழுந்ததுன்னு எண்ணவா? அதுக்குக் கைவிரலே போதுமே."

வகுப்பு சிரித்தது. அதே நாளில், அமெரிக்காவில் அக்கா கல்யாணம் என்று பாரத்தைவிட அதிக நாள் வராத ஒருவனுக்கு அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அடுத்த நாள் லூர்துமேரி வியாபாரத்தைப் போட்டுவிட்டு அவர் அறை வாசலில் போய் நின்றாள். உட்காரச் சொல்லவில்லை. கைக்குட்டையும் மூக்கிலிருந்து இறங்கவில்லை.

பாரத் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. கல்லூரி அடையாள அட்டையைச் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினான். விளக்கைப் போடும்போதெல்லாம் ரோஸியின் கை அதில் உரசும்.

சாரின் பலவீனம் எங்கே இருக்கிறது என்பதைப் பாரத்தே ஒரு நாள் சோறு தின்றுகொண்டே, விளையாட்டாகச் சொன்னான்.

"ஜூன் மாசம் ஆனா அந்தாளு அட்மிஷன் ஹால்ல நின்னுகினு புள்ள புடிப்பாரு, தெரியுமா? வேற சீட் கெடைக்காதவன இட்டாந்து அவரு கிளாஸ்ல உக்கார வெப்பாரு. பதினஞ்சு பேருக்குக் கொறஞ்சா டிபார்ட்மெண்ட்டையே மூடிருவாங்களாம்."

ரோஸி சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்தாள். "மூடினா அவரு இன்னா ஆவாரு?"

"செங்கல்பட்டுக்கு அந்தாண்ட இதே மேனேஜ்மென்ட்டுக்கு ஸ்கூல் ஒண்ணு கீதாம். அங்க போய் எட்டாங்கிளாஸுக்குக் கணக்கு எடுக்கணும்."

அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள்.

சேர்ந்த பிறகு அந்த விதியை அவள் நுணுக்கமாகத் தெரிந்துகொண்டாள். நிர்வாகம் முதல் ஆண்டில் தலை எண்ணாது. முதல் ஆண்டு வகுப்பு என்பது ரயில்வே நடைமேடை மாதிரி. கூட்டம் இருக்கும், ஆனால் பாதிப்பேர் வேறு வண்டிக்குக் காத்திருப்பவர்கள். ஆகவே இரண்டாம் ஆண்டு தொடங்கி, ஜூன் மாதக் கடைசியில்தான் எண்ணுவார்கள். அன்றைக்கு வகுப்பில் பதினைந்து பேர் இருந்தால் பாடம் தொடரும். அன்றைக்கோ, அதன் பிறகு எந்தப் பருவத்திலோ ஒருவர் குறைந்தாலும் பாடம் மூடப்பட்டு, இருப்பவர்கள் கணிதத்துக்கு அனுப்பப்படுவார்கள். ரோஸியின் வகுப்பில் அவளையும் சேர்த்துப் பதினேழு பேர். மூன்று பேரைக் கிளப்பினால் போதும். சில்லறை வேலைதான் என்று முதலில் நினைத்தாள்.

முதல் நாள் வருகை எடுக்கும்போது கங்காதரன் அவள் பெயரில் நின்றார்.

"நொச்சிக்குப்பமா? அங்கேருந்து பாரத்னு ஒரு பையன் வந்துட்டிருந்தான்."

"எங்க அண்ணன் சார்."

அவர் அவள் பெயருக்கு நேரே குறி போட்டார். "நீயாவது ஒழுங்கா வா" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

அவள் ஒழுங்காக வந்தாள். ஒரு நாள் விடவில்லை. சார் வருகை எடுக்கும் முறை கல்லூரி முழுக்கப் பிரசித்தம். மணி அடித்ததும் பெயர்களைப் படிப்பார், கடைசிப் பெயர் முடிந்ததும் பதிவேட்டை மூடுவார். மூடியது மூடியதுதான். ஒரு கால் வாசலுக்கு உள்ளே இருந்தாலும் ஆப்சென்ட். வாசலில் நின்று கெஞ்சுகிறவர்களை ரோஸி முதல் பெஞ்சிலிருந்து திரும்பிப் பார்ப்பாள். அந்த இடத்தில் அண்ணன் நின்றிருப்பான் என்று நினைத்துக்கொள்வாள்.

ஆனால் ஆட்களைக் கிளப்புவது அத்தனை எளிதாக இல்லை. போய்விடு என்றால் யாரும் போவதில்லை. "இந்த காலேஜ் உருப்படாது மச்சி" என்று கேன்டீனில் எல்லோருமே சொல்கிறார்கள், சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போகிறார்கள். எது இவர்களைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

அதற்கு வழி காட்டியது கங்காதரனேதான். இரண்டாம் பருவத்தில் ஒவ்வொருவரும் ஒரு கருத்துக்கணிப்பு செய்ய வேண்டும். எப்படிக் கேள்வி கேட்பது என்று அவர் ஒரு வாரம் முழுக்க நடத்தினார். நன்றாகவே நடத்தினார், அதை ரோஸியாலும் மறுக்க முடியவில்லை.

"ஏன் இந்தக் கல்லூரியில சேர்ந்தீங்கன்னு கேட்டா எல்லாரும் 'நல்ல கல்லூரி'ம்பான்" என்றார். "அது பதில் இல்லை, மரியாதை. மனுஷன்கிட்டக் காரணத்தைக் கேக்காதீங்க, சம்பவத்தைக் கேளுங்க. கடைசியா என்னைக்கு இங்கேருந்து போயிடலாம்னு நினைச்சே? அன்னைக்கு ஏன் போகலை? அந்த ரெண்டாவது கேள்விக்கு வர்ற பதில்தான் உங்களுக்கு வேண்டியது."

ரோஸி அதை அப்படியே எழுதிக்கொண்டாள். மாணவர்கள் ஏன் இந்தக் கல்லூரிக்கு வருகிறார்கள், ஏன் தங்குகிறார்கள் என்பதையே தன் தலைப்பாகக் கேட்டாள். "கல்லூரிக்கே உபயோகப்படும்" என்று கங்காதரன் மகிழ்ந்து அனுமதித்தார்.

அவள் ஒவ்வொருவராகப் பிடித்தாள். நூலக வாசலிலும், பஸ் நிறுத்தத்திலும், ஆற்றுப்பக்கச் சுவரிலும் உட்கார வைத்துக் கேட்டாள். கேட்கக் கேட்க அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கல்லூரியின் பளபளப்பான கையேட்டில் பழைமை, ஒழுக்கம், ஆய்வகம், பசுமை வளாகம் என்று எழுதியிருந்தார்கள். அதில் ஒன்றுக்காகவும் யாரும் இங்கே இல்லை. ஒவ்வொருவரையும் ஒரு சின்னக் கயிறுதான் கட்டியிருந்தது, அதுவும் ஒருவருக்கு இருப்பது இன்னொருவருக்கு இல்லை. மயிலாப்பூர் அனிருத், "எங்காத்துல எல்லாரும் சி.ஏ. நானும் எழுதிண்டிருக்கேன். இங்க ஒருத்தரும் தொந்தரவு பண்றதில்லை, அதான் இருக்கேன்" என்றான். சகினாவுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும், கிடைக்கவில்லை. நடுவில் எங்காவது இடம் காலியாகும் என்பதே அவளுக்குத் தெரியாது. ரெஹான் கிரிக்கெட் கோச்சுக்காக இருந்தான். தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் இசக்கிமுத்துவின் மகள் மதுமதி, வகுப்பு மதியம் ஒன்றரைக்கு முடிகிறது என்பதால் இருந்தாள்.

"ஒண்ணரைக்கு முடிஞ்சாத்தான் ரெண்டரைக்குக் கடையில நிக்க முடியும்" என்று மதுமதி சொன்னாள். "கல்லாவுல நான் உக்காந்தாத்தான் அப்பா சாப்பிடப் போவாவ. அந்த ஒப்பந்தத்துலதான் என்னைய காலேஜுக்கே வுட்டாவ. வேற எந்தக் காலேஜும் ஒண்ணரைக்கு வுடுதது இல்ல பாத்துக்க."

கயிறு எது என்று தெரிந்துவிட்டால் அவிழ்ப்பது கஷ்டமில்லை. முதல் ஆண்டு முடியும் மே மாதத்தில், எல்லாக் கல்லூரியிலும் சிலர் நின்றுபோவதால் இரண்டாம் ஆண்டில் இடம் காலியாகும். வெளியே அதிகம் சொல்லமாட்டார்கள், நேரில் போய்க் கேட்டால் உண்டு. ரோஸி மூன்று கல்லூரி ஏறி இறங்கி, ராயப்பேட்டையில் சகினாவின் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கம்ப்யூட்டர் சயின்ஸ் இடத்தைக் கண்டுபிடித்தாள். சகினா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். ரெஹானின் கோச் வேறு கல்லூரிக்கு மாறப்போகிறார் என்ற செய்தியை மைதானத்துப் பராமரிப்பாளரிடம் கேட்டறிந்து அவனிடம் சொன்னாள். அவன் அந்த வாரமே கோச்சின் பின்னால் போய்விட்டான்.

மூன்றாவது மதுமதி. அவளிடம் ரோஸி எதுவும் சொல்லவில்லை. ரங்கநாதன் தெருப்பக்கம் போனவள், கடைக்குள் நுழைந்து ஒரு இட்லிப் பானையை எடுத்துப் பார்த்தாள். கல்லாவுக்குப் பின்னால் நின்ற இசக்கிமுத்துவின் காதில் விழுகிற மாதிரி மதுமதியைக் கேட்டாள்: "செகண்ட் இயர்லேருந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும் லேபாமே, உனக்குத் தெரியுமா?"

அது உண்மை. ரோஸி செய்ததில் ஒரு பொய்கூட இல்லை. அதில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது.

ஜூன் மாதம் வகுப்பு திறந்த முதல் வாரத்தில் மதுமதியிடமிருந்து ஃபோன் வந்தது.

"ஏட்டி ரோஸி, படிச்சது போதும்னுட்டாவ அப்பா. கடையிலயே இருக்கச் சொல்லுதாவ." பின்னால் பாத்திரங்களின் சத்தம் கேட்டது. "லேப் விஷயத்த அப்பா முன்னால ஏன் சொன்ன? தெரியாமச் சொன்னியா, தெரிஞ்சுதான் சொன்னியா?"

கஸ்டமர் யாரோ கூப்பிட, மதுமதி ஃபோனை வைத்துவிட்டாள்.

வகுப்பில் பதினான்கு பேர் இருந்தார்கள்.

கங்காதரன் வருகை எடுத்து முடித்து, பதிவேட்டை மூடாமல் மேலிருந்து கீழாக மறுபடி பார்த்தார். மறுநாளும் அப்படியே செய்தார். சகினா எங்கே, ரெஹான் எங்கே என்று கேட்டார். அலுவலகத்துக்கும் வகுப்புக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தார். வெளியிலிருந்து புதிதாக ஒருவரை இரண்டாம் ஆண்டில் சேர்க்க அந்தக் கல்லூரியில் வழியில்லை. ரோஸி அதையும் முன்கூட்டியே விசாரித்துவைத்திருந்தாள். அவர் சட்டைக் காலரில் வியர்வை படிந்திருப்பதை முதல் பெஞ்சிலிருந்து பார்த்தபோது, ஒரு வருடமாகச் சாப்பிடாதவளுக்குச் சோறு கிடைத்த மாதிரி இருந்தது. ஜூன் கடைசி வரைக்கும் இப்படியே போனால் போதும். அதன் பிறகு மயிலாப்பூரில் பி.காம். இரண்டாம் ஆண்டில் காலியாக இருந்த ஓர் இடத்துக்கு அவளும் போய்விடுவாள். அதற்கும் பேசிவைத்திருந்தாள்.

அவள் கணக்கில் ஒரே ஒரு தப்பு இருந்தது. வகுப்பில் இருந்தவர்களைக் கேட்டாள், வெளியேறியவர்களை அவள் எண்ணவில்லை. வருகை போதாமல் நிறுத்தப்பட்டவன் மூன்று ஆண்டுக்குள் திரும்பி வந்தால், விட்ட இடத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம் என்று கல்லூரியில் ஒரு விதி உண்டு. அலுவலகக் கண்காணிப்பாளர் விஜயலக்ஷ்மி மேடம் அதைக் கங்காதரனுக்கு நினைவுபடுத்தினார். அப்படித் திரும்பி வரக்கூடியவர்களில் காலக்கெடுவுக்குள் இருந்தவன் ஒருவன்தான். வேறு யார்? ரோஸியின் அண்ணன்.

ஒரு புதன்கிழமை காலை, ரோஸி கல்லூரிக்குக் கிளம்புமுன் அம்மாவின் கடையில் ஐஸைக் கொட்டிக்கொண்டிருந்தாள். மார்க்கெட் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கி, பேன்ட்டைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஈரத் தரையில் குதித்துக் குதித்து வருகிறவர் கங்காதரன் என்று புரிய அவளுக்குச் சில நொடிகள் பிடித்தன. சுத்த சைவம். கே.கே. நகரிலிருந்து இங்கே வர அவருக்கு வேறு எந்த வேலையும் இருக்க முடியாது. ரோஸிக்கு அப்போதே விளங்கிவிட்டது. கையிலிருந்த ஐஸ் உருகி முழங்கை வரைக்கும் வழிந்தது.

லூர்துமேரியும் அவரை மறக்கவில்லை.

"பாரத்தோட அம்மாதானே நீங்க?" என்றார் அவர். "ஒரு விஷயம் பேசணும்."

"போணி ஆவல சார்" என்றாள் லூர்துமேரி, கத்தியைப் பலகையில் தேய்த்துக்கொண்டே. "போணி ஆவாம நான் யாராண்டயும் பேச மாட்டேன்."

மீன் விற்கிறவர்களிடம் போணி என்பது விளையாட்டில்லை. அன்றைக்கு முதலில் வந்து நிற்கிறவரின் கையைப் பொறுத்துத்தான் அன்றைய வியாபாரம். முதலில் வந்தவர் வாங்காமல் திரும்பினால் நாள் முழுக்க ஈ ஓட்ட வேண்டியதுதான் என்பார்கள். ஆகவே முதல் ஆளுக்கு விலையைக் குறைத்தாவது கொடுப்பார்கள், சும்மா மட்டும் அனுப்ப மாட்டார்கள்.

"நான் சாப்பிடறதில்லைம்மா."

"சாப்ட சொல்லல சார். வாங்கச் சொன்னேன்."

பக்கத்துக் கடைக்காரி சிரித்தாள். கங்காதரன் கைக்குட்டையை எடுக்கப் பாக்கெட்டில் கை விட்டார், லூர்துமேரியின் கண்ணைப் பார்த்ததும் அங்கேயே விட்டுவிட்டுப் பர்ஸை எடுத்தார். அவள் இருந்ததிலேயே நாற்றம் கூடிய கானாங்கத்தையாகப் பொறுக்கி, வெட்டாமல், அலசாமல், மெல்லிய கவரில் போட்டு அவர் கையில் மாட்டினாள். கவரின் மூலையிலிருந்து சிவந்த தண்ணீர் அவர் ஷூவின் மேல் சொட்டத் தொடங்கியது.

"இப்பச் சொல்லு சார்."

சொல்வதற்குள் பாரத்தே வந்துவிட்டான். தோளில் மீன் கூடை, லுங்கி தொடை வரைக்கும் நனைந்திருந்தது. சாரைப் பார்த்ததும் கூடையை இறக்கினான்.

"எப்படி இருக்கே பாரத்?"

"கீறேன் சார்."

கங்காதரன் விஷயத்தைச் சொன்னார். திரும்பச் சேரலாம், இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம், ஃபீஸைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். ரோஸி அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடியாது என்று ஒரு வார்த்தை. அது போதும், துறை விழுந்துவிடும்.

"எத்தினி பேர் சார் கீறாங்க இப்ப?" என்று பாரத் கேட்டான்.

"பதினாலு."

"நான் வந்தா?"

"பதினஞ்சு."

பாரத் சிரித்தான். "அப்ப எண்றதுக்குத்தான் வந்துகிறீங்க. கைவெரல் பத்தல போல."

கங்காதரனின் முகம் கறுத்தது. அவர் கவரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "அன்னைக்கு நான் பேசினது தப்பு" என்றார் தரையைப் பார்த்து.

"மார்க்கெட் சத்தத்துல காதுல வுழல சார்" என்றாள் லூர்துமேரி. "இன்னும் கொஞ்சம் ஒரக்கச் சொல்லு."

அவர் உரக்கச் சொன்னார். வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பாரத் நாளைக்குச் சொல்வதாகச் சொன்னான். முதல் பீரியட் அவருடையது, வீட்டுக்குப் போய்த் திரும்ப நேரமில்லை. அன்று காலை அவர் கானாங்கத்தையோடுதான் கல்லூரிக்கு வந்தார். தூக்கிப்போட்டிருக்கலாம். ஏன் போடவில்லை என்று ரோஸிக்கு விளங்கவில்லை. ஒருவேளை லூர்துமேரி பார்த்துவிடுவாள் என்று பயந்தாரோ என்னவோ. துறை ஜன்னல் கம்பியில் கவர் தொங்கியது, மதிலோரத்தில் இரண்டு பூனைகள் வந்து உட்கார்ந்தன.

"சார் ரூம்லேர்ந்து என்ன இப்படி நாத்தம்?" என்றான் அனிருத்.

"கானாங்கத்த" என்றாள் ரோஸி. "காலைல வாங்கினது. ஃபிரெஷ்ஷு."

அன்று சாயங்காலம் அவள் அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். எதற்காகச் சேர்ந்தாள், யாரை எப்படி அனுப்பினாள், இன்னும் பத்தே நாளில் என்ன ஆகும். படகின் நிழலில் உட்கார்ந்து பாரத் கேட்டுக்கொண்டான்.

"நீ முடியாதுன்னு சொன்னாப் போதும்" என்றாள் அவள். "மிச்சத்த நான் முடிச்சுட்டேன்."

"என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

"உனுக்காகத்தானே பண்ணேன்."

"எனுக்காகன்னா என்னக் கேக்கணும்ல?" அவன் மணலை அள்ளிக் கொட்டினான். "சகினா, ரெஹானு சரி. அந்த பாத்திரக்கடைப் பொண்ணு உன்ன இன்னா பண்ணுச்சு?"

அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூடிட்டா இன்னா ஆவும் சொல்லு" என்றான் பாரத். "அந்தாளு ஒரு வாரம் மூஞ்சத் தொங்கப் போட்டுகினு இருப்பாரு. அப்பறம் செங்கல்பட்டுல போய் உக்காந்து, எவனோ வேணும்னே மூடிட்டான்னு ரிட்டயர் ஆவுற வரைக்கும் கத சொல்லுவாரு. நான் கிளாஸும் இல்லாம இங்கியே கெடப்பேன். எனுக்கு டிகிரி வேணும் ரோஸி. அந்தக் கார்டப் பாக்குறப்பல்லாம் எனுக்கு எப்பிடி இருக்கும்னு நெனச்ச?"

"அப்ப அந்தாள மன்னிச்சுட்டியா?"

"யாரு சொன்னது?" அவன் திரும்பி அவளைப் பார்த்தான். கண் சிரிக்கவில்லை. "ரெண்டு வருசம் அவரு மூக்குக்கு நேரா உக்காருவேன். கடல்லேர்ந்து வர்றவன் வர்ற நேரத்துக்குத்தான் வருவேன். நான் நின்னா பதினாலு. நீ போனாலும் பதினாலு. அதனால நீயும் போவாத. தெனம் காலைல அவரு நம்மள எண்ணணும். எண்ணி, இருக்கோமான்னு பாத்து, அப்பறம்தான் அவரு மூச்சு விடணும்."

ரோஸி அதை மனசுக்குள் ஒருமுறை போட்டுப் பார்த்தாள். துறையை மூடுவது ஒரு நாள் வேலை. இது ரெண்டு வருஷ வேலை. ஒரு வருடமாகக் கல்லூரி முழுக்க விசாரித்தும் அவளுக்குக் கிடைக்காத பதில் அது. இங்கேயே இருப்பதற்குத் தனக்கென்று ஒரு கயிறு. மறுநாள் அவள் மயிலாப்பூருக்கு ஃபோன் செய்து, பி.காம். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஜூன் கடைசித் திங்கள், நிர்வாகத்தின் ஆள் தலை எண்ண வரும் நாள். பாரத் கரையேறி, குளிக்காமல், சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு, ஆணியிலிருந்து அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டினான். அது தொங்கிய இடத்தில் சுவரில் ஒரு வெள்ளைக் கட்டம் இருந்தது. இரண்டு பேரும் கோட்டூர்புரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது முதல் மணி அடித்துக்கொண்டிருந்தது. பழைய ஞாபகத்தில் பாரத் ஓட ஆரம்பித்தான்.

ரோஸி அவன் பையைப் பிடித்து இழுத்தாள். "ஓடாத. டீ குடிச்சுட்டு மெதுவா நட."

வாசல் கடையில் ஆளுக்கு ஒரு டீ குடித்தார்கள். பாரத் பன் ஒன்று கேட்டு, அதை டீயில் தோய்த்து நிதானமாகத் தின்றான். மாடியில் வகுப்பறை ஜன்னலில் கங்காதரனின் தலை தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது.

அவர்கள் வாசலுக்கு வந்தபோது எல்லாப் பெயர்களும் முடிந்திருந்தன. நிர்வாகத்தின் ஆள் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதிவேடு மேஜைமேல் திறந்தே கிடந்தது. கங்காதரன் பேனாவை மூடாமல் விரலிடுக்கில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அந்த வகுப்பில் யாரும் அதற்கு முன் பார்க்காத காட்சி அது.

"உள்ள வரலாமா சார்?" என்றான் பாரத் வாசலில் நின்று. உடனே நுழையவில்லை. அவர் வாயால் சொல்லட்டும் என்று காத்திருந்தான்.

"வா" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "வாப்பா" என்றார்.

ரோஸி மதுமதி உட்காரும் இடத்தில் பையை வைத்தாள். பிறகு அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாரத் முதல் பெஞ்சின் நடுவில், மேஜைக்கு நேராக, ஒரு கை தூரத்தில் உட்கார்ந்தான். உப்பும் டீசலும் மீனும் கலந்த வாடை அறை முழுக்கப் பரவியது. கங்காதரனின் கை பாக்கெட்டை நோக்கிப் போயிற்று, பாதியில் நின்றது, மேஜைமேல் திரும்பி வந்தது.

"ரோஸி."

"பிரசன்ட் சார்."

"பாரத்."

பாரத் பையைத் திறந்தான். நோட்டை எடுத்து வைத்தான். பேனாவைத் தேடினான், கிடைத்தது. மூடியைக் கழற்றினான். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து பார்த்தான்.

"பிரசன்ட் சார்."

கங்காதரன் பேனா முனையால் காற்றில் ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டே வந்தார். அவர் உதடுகள் அசைவதை ரோஸி முதல் பெஞ்சிலிருந்து கவனித்தாள். பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு. கடைசியில் பேனா பாரத்தின் மேல் வந்து நின்றது.

"நாளைக்குக் கடல் எப்பிடி இருக்கும்னு தெரியல சார்" என்றான் பாரத், வகுப்பு முழுக்கக் கேட்கும்படி. "கொஞ்சம் வெயிட் பண்ணுங்க."